உத்தரத்தைத் தூக்கிய டிரில் டீச்சர்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களையும் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரு சுவரைப் பார்த்து "நேரா நில்லு" என்று அதட்டி, அந்தச் சுவரையும் நேராக நிற்க வைத்த இன்னொரு ஆள் கிடைக்க மாட்டார். எங்கள் டிரில் டீச்சர் ஒருவர்தான்.

அவருக்கு வேறு பெயர் உண்டு. ரேஷன் கார்டில் இருக்கும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. உடற்கல்வி வகுப்பை அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் டிரில் பீரியடு என்பார்கள். அதை நடத்துகிறவர் டிரில் டீச்சர். இரண்டு மாவட்டத்துப் பள்ளிகளிலும் மாறி மாறி வேலை பார்த்து, பாதி ஜனத்தொகையைக் கிரவுண்டைச் சுற்றி ஓடவிட்டவர். கைத்தறிச் சேலை, காலில் வெள்ளை கான்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். உயரம் என் தோள் வரைக்கும் வருவார். குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "சாயங்காலம் பிள்ளைங்களுக்கு பிராக்டிஸ் யாரு குடுக்கிறது" என்பார். ஓய்வு பெற்ற கையோடு கடைக்குப் போய் ஒரு டிரில் மிஷின் வாங்கினார். அன்றிலிருந்து அவருடைய பட்டப்பெயருக்கு இரட்டை அர்த்தம் வந்துவிட்டது.

நானும் என் மனைவி வசந்தியும் அரியலூரில் அவர்கள் குடும்ப வீட்டின் பக்கவாட்டுப் போர்ஷனில் குடியிருந்தோம். நான் ஒரு அரசு ஆபீசில் உதவியாளர். மாற்றலாகி வந்த புதிது. வீடு டீச்சருடைய அப்பா காலத்தது என்று சொன்னார்கள். சுவரைப் பார்த்தால் அப்பாவின் தாத்தா காலம் போல இருந்தது. நடுவில் பெரிய கூடம். அதன் குறுக்கே சுவருக்குச் சுவர் ஒரு தேக்கு உத்தரம். உத்தரத்தின் மேல் வரிசையாகக் கட்டைகள், அதற்கும் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தளம். அஸ்திவாரக் கல்லில் கடல் சிப்பி பதிந்திருக்கும். அரியலூர் எப்போதோ கடலாக இருந்த ஊர்; எங்கே தோண்டினாலும் சிப்பிதான். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தெருமுனையில் சிமெண்ட் லாரி போனால் எங்கள் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

டீச்சருக்கு ஓர் அண்ணன் திருச்சியில் இருந்தார். பேங்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். உருவமும் பெரியது. வீட்டை இடித்து, கடைகள் கட்டத் துடித்துக்கொண்டிருந்த ஒரு பார்ட்டிக்கு விற்றுவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அண்ணி அதற்காகச் சிறுவாச்சூர் காளியிடம் வேண்டுதலே வைத்திருந்தார். இந்த நிலையில் டீச்சர், "நான் அங்கியே போய் இருக்கப் போறேன்" என்று அறிவித்ததும் அண்ணன் அரியலூருக்கு ஓடி வந்தார்.

"பாப்பா, இந்த வூட்ல மனுஷன் இருக்க முடியாது."

உலகத்திலேயே டிரில் டீச்சரைப் பாப்பா என்று கூப்பிடத் துணிந்தவர் அவர் ஒருவர்தான்.

"இந்தத் தம்பியும் வசந்தியும் இருக்காங்களே."

"அவங்க வாடகைக்கு இருக்காங்க."

மனுஷக் கணக்கில் நாங்கள் வரவில்லை என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

"அடைமழைக்குள்ள இந்த வூட்டை உருப்படியா நிறுத்திக் காட்டுறேன்," என்றார் டீச்சர். "முடியலைன்னா நீ எங்க சொல்றியோ அங்க கையெழுத்துப் போடுறேன். போதுமா?"

அண்ணனுக்குப் போதும். அவர் மழையை நம்பினார்.

டீச்சர் முதலில் மேஸ்திரிகளைத்தான் கூப்பிட்டார். வந்தவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றும் முன்பே அண்ணாந்து பார்த்து, "இடிச்சிட்டுக் கட்டிடுங்க டீச்சர்" என்றார்கள். கடைசியாக வந்தவரிடம் டீச்சர், "உனக்குப் பல்லு வலிச்சா டாக்டர் தலைய எடுத்துருவாராப்பா?" என்று கேட்டார். மேஸ்திரி சைக்கிளை எடுத்தார். அவர் சைக்கிள் தெரு திரும்புவதற்குள் டீச்சர் முடிவு செய்துவிட்டார். மேஸ்திரியும் வேண்டாம், கொத்தனாரும் வேண்டாம். எல்லாம் தானே செய்வது.

முதல் வேலையாக, கூடத்துச் சுவரில் காலண்டர் மாட்ட ஓர் ஓட்டை போட்டார். அந்தச் சுவர் எங்களைக் குடிவைப்பதற்காகப் பிற்காலத்தில் ஒரே செங்கல் கனத்தில் எழுப்பிய சுவர். மறுபக்கம் எங்கள் சமையலறை. வசந்தி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். மல்லித்தூள் டப்பாவுக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவே சுவர் லேசாக விம்மியது. கொஞ்சம் மண் கொட்டியது. பிறகு ஓர் இரும்பு மூக்கு சுற்றிக்கொண்டே வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

வசந்தி குனிந்து ஓட்டையில் வாயை வைத்து, "டீச்சர், இந்தப் பக்கம் நாங்க இருக்கோம்," என்றாள்.

ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது. "தெரியும்மா. செவுரு எவ்ளோ கனம்னு பாத்தேன். ரசமா?"

"ஆமாங்க டீச்சர்."

"பெருங்காயம் பத்தல."

அந்த ஓட்டையை அடைக்கிற வரைக்கும் அதுதான் எங்களுக்கு இன்டர்காம்.

டீச்சருக்கு ஒரு வசதி இருந்தது. அரியலூர் டவுனில் ஸ்பேனரோ கரண்டியோ பிடிக்கிற கை எதுவாக இருந்தாலும், ஒரு காலத்தில் அது டீச்சர் முன்னால் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்ட கையாக இருக்கும். அவர்களை அவர் வேலைக்குக் கூப்பிடவில்லை. பாடம் நடத்தக் கூப்பிட்டார். எலக்ட்ரீஷியனுக்கு நாற்காலி. டீச்சர் எதிரே ஸ்டூலில். சந்தேகம் வந்தால் கையைத் தூக்குவார். உடனே எலக்ட்ரீஷியன் பதறி எழுந்து அட்டென்ஷனில் நிற்பார்.

"நீ உக்காருடா. இப்ப நான்தான் ஸ்டூடண்டு."

"பரவால்ல டீச்சர். நின்னுக்கிட்டே சொல்றேன்."

இப்படி வாத்தியார் நடுங்கிக்கொண்டு நிற்க, மாணவி உட்கார்ந்து மிரட்ட, வயரிங், பூச்சு வேலை, பெயிண்டிங் எல்லாப் பாடங்களும் நடந்தன.

பிளம்பிங் பாடம் முடிந்து டீச்சர் பைப்புகளை மாற்றிய மறுநாள் காலை, நான் உடம்பெல்லாம் சோப்புப் போட்டுக்கொண்டு ஷவரைத் திருகினேன். ஒரு சொட்டு வரவில்லை. சமையலறையில் பாத்திரங்கள் உருளும் சத்தமும் அதைத் தொடர்ந்து வசந்தியின் குரலும் கேட்டன. எங்கள் ஷவரின் கைப்பிடி சமையலறைக் குழாய்க்கு அதிகாரியாகிவிட்டது. சமையலறைக் கைப்பிடி ஷவருக்கு. கண்ணில் சோப்போடு நான் உள்ளேயிருந்து கத்தினேன்: "அரிசி களைஞ்சிட்டியா?"

"களைஞ்சிட்டேன்."

"இன்னொரு தடவை களை. தலை அலசணும்."

டீச்சரிடம் முறையிட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒரு ஒத்துமை வரட்டும்னு விட்டேன் தம்பி," என்றார். ஆனால் அன்று மத்தியானமே பைப்பைக் கழற்றி மாற்றிப் போட்டுவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தப்பை டீச்சர் இரண்டாம் முறை செய்து நான் பார்த்ததில்லை. முதலில் அவர் பூசிய சுவர் அப்பளம் மாதிரி உப்பி விழுந்தது. அதையும் கொத்தி எடுத்து, மறுபடி பூசினார். இரண்டாவது பூச்சு நின்றது. ரசமட்டக் கட்டையைச் சுவரில் ஒட்டிப் பிடித்து, கண்ணாடிக்குள் இருக்கிற குமிழி நடுவில் வந்து நிற்கும் வரை விடமாட்டார். "நேரா நில்லு. யாரைப் பாத்து இளிக்கிற" என்று சுவரைத் திட்டுவார். ஆவணி முடிவதற்குள் கூடத்துச் சுவர்கள் எல்லாம் யூனிபாரம் போட்ட மாதிரி வரிசையாக நின்றன. தெருவில் போகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இடிக்கச் சொன்ன மேஸ்திரிகூட ஒரு நாள் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இதைக் கேள்விப்பட்டு அண்ணன் ஓர் இன்ஜினீயரை அழைத்துக்கொண்டு வந்தார்.

டீச்சர் இருவரையும் கூடத்துக்குள் நிறுத்தி, தான் புதிதாக இழைத்துச் சீவிய வாசக்கதவைக் காட்டினார். பல வருடமாக மூடாமல் அடம்பிடித்த கதவு அது. "இப்ப பாருங்க" என்று சொல்லி இழுத்துச் சாத்தினார். டப்பென்று கச்சிதமாக மூடிக்கொண்டது. அண்ணனே தலையசைத்தார். பிறகு டீச்சர் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. இன்ஜினீயர் இழுத்தார். அண்ணன் தன் முழு உடம்பையும் போட்டு இழுத்தார். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. கொல்லைக் கதவுக்கு முன்னால் டீச்சரே சிமெண்ட் மூட்டைகளை உத்தரம் எட்டும் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்.

நான் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று, "டீச்சர், உதவி வேணுமா?" என்றேன்.

"வேணாம் தம்பி. கீலைக் கழட்டுனா கதவு வந்துரும். ஒரு காபி மட்டும் குடுக்கச் சொல்லு."

டீச்சர் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்த நேரத்தில் இன்ஜினீயருக்கு வேலை இல்லை. காபியைக் குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒட்டடைக் கம்பை எடுத்து உத்தரத்தை ஒரு தட்டு தட்டினார். தேக்கு கொடுக்க வேண்டிய சத்தம் வரவில்லை. காலிப் பெட்டியைத் தட்டிய மாதிரி கேட்டது. இன்னொரு தட்டு. மாவு மாதிரி ஒரு தூள் இறங்கி அண்ணன் தலையில் படிந்தது.

"கரையான்," என்றார் இன்ஜினீயர். "உள்ள ஒன்னுமே இல்லீங்க. மேல தளம் மழையில ஊறி வெயிட்டு ஏறுச்சுன்னா இது தாங்காது. மழைக்கு முன்னாடி எல்லாரும் காலி பண்ணிடுங்க."

கதவு கழன்று வந்தது. அண்ணன் வெளியே வந்து தலையைத் தட்டிக்கொண்டார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். "பாப்பா, விட்ரு. உன் மேல விழுந்துச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது? ஞாயித்துக்கெழம பார்ட்டியக் கூட்டிட்டு வரேன்," என்றார் மெதுவாக.

அன்று விசில் சத்தமே கேட்கவில்லை. சாயங்காலம் வசந்தி காபி எடுத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே நானும் போனேன். டீச்சர் கூடத்துக்கு வெளியே படியில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நான் பூசுனது, பெயிண்டு அடிச்சது எல்லாம் கீழ வசந்தி. வூடு விழறது மேலருந்து. மேல பாக்காம வுட்டுட்டேன்," என்றார். ஷூவின் முடிச்சை இறுக்கிவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் வேற வூடு பாத்துக்கங்க," என்றார்.

வசந்தி காபி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்ததும், நான் வேறு வீடு பார்ப்பதைப் பற்றி வாயைத் திறந்தபோது, "உங்களுக்கு இப்ப என்ன அவசரம்?" என்று எரிந்து விழுந்தாள்.

மறுநாள் காலை தெருமுனையில் ஒரு சிமெண்ட் லாரி பஞ்சராகி நின்றது. டிரைவர் அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார். பால் வாங்கப் போன டீச்சர் அங்கேயே நின்றுவிட்டார்.

"லோடோடயா தூக்குது?"

"லோடு இறக்காம தூக்கத்தானேம்மா ஜாக்கி இருக்கு."

டீச்சர் பாலை வாங்காமலேயே திரும்பி, நேராக முருகேசனின் வெல்டிங் பட்டறைக்குப் போனார். முருகேசன் பழைய மாணவர். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் தவறான திசையில் ஓடியவர் என்று டீச்சர் அறிமுகப்படுத்துவார். ஆனால் இரும்பில் கெட்டிக்காரர். வந்து பார்த்துவிட்டு வழி சொன்னார். உத்தரத்துக்கு இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டையால் தளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பழைய உத்தரத்துக்கு நேர் கீழே ஓர் இரும்பு கர்டரைத் தூக்கி, அதை ஒட்டிப் பிடித்து, இரண்டு முனையிலும் சுவரோரமாக இரும்புத் தூண் நிறுத்திவிட்டால் போதும். பாரம் எல்லாம் இரும்புக்கு வந்துவிடும்.

முட்டுக் கொடுக்கிற வேலையை டீச்சரும் நானும் செய்தோம். நானாக முன்வந்தேன் என்று சொன்னால் அது பொய். "தம்பி, அந்தக் கட்டையப் புடி" என்றார், பிடித்தேன். ஜாக்கியை வைத்து அவர் ஒவ்வொரு கட்டையாக இறுக்க, மேலே தளம் ஒரு பெருமூச்சு விட்டது. ஜன்னலுக்கு வெளியே நின்ற வசந்தி, என் ஆபீசில் குரூப் இன்சூரன்ஸ் உண்டா என்று கேட்டாள்.

கர்டர் வந்து கூடத்தில் இறங்கியது. அதைத் தூக்க சுமைதூக்கும் ஆட்கள் வந்தார்கள். உத்தரத்தைப் பார்த்தார்கள். உதிர்ந்து கிடந்த தூளைப் பார்த்தார்கள். "இதுக்கு அடியில எவன் நிப்பான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

முருகேசன் தலையைச் சொறிந்தார். "அடியில நிக்காம தூக்கணும்னா, சுவரோரம் ரெண்டு பக்கமும் சாரம் கட்டி, கப்பி மாட்டி, கயிறை வெளிய கொண்டு போய் இழுக்கணும் டீச்சர். ஒரு முனைக்கு வாசப்பக்கம் ஒரு கூட்டம், இன்னொரு முனைக்குக் கொல்லப்பக்கம் ஒரு கூட்டம். ரெண்டும் ஒரே மாதிரி இழுக்கணும். ஒரு பக்கம் முந்துனா கர்டரு சாஞ்சிரும். அந்த மாதிரி கயிறு இழுக்கிற ஆளுக்கு எங்க போறது?"

டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார். முருகேசனுக்கு அப்போதுதான் தான் யாரிடம் பேசுகிறோம் என்பது உறைத்தது.

குன்னம் பக்கத்துப் பள்ளியில் இருந்தபோது ஓர் அணி, பிறகு உடையார்பாளையம் பக்கத்துப் பள்ளிக்கு வந்து ஓர் அணி என்று, பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டிக்குப் பயிற்சி கொடுத்தவர் டீச்சர். மூத்த அணியும் இளைய அணியும் ஒருமுறை ஒரு பழைய மாணவிகள் விழாவில் மோதின. யார் ஜெயித்தார்கள் என்பது இன்றுவரை தகராறு. டீச்சர் எதிரணிக்குச் சாதகமாக விசில் ஊதிவிட்டார் என்று இரண்டு அணியும் சொல்கின்றன.

போனை எடுத்தார். "செல்வி, ஞாயித்துக்கெழம கயிறு இழுக்க வரணும்."

குன்னம் அணியின் கேப்டன் செல்வி இப்போது போலீசில் ஏட்டு. "எதுத்தாப்புல யாரு டீச்சர்?"

"எங்க வூடு."

ஞாயிற்றுக்கிழமை காலை குன்னம் அணி வேனில் வந்து இறங்கியது. கூடவே ஒரு மூட்டை சின்ன வெங்காயம். உடையார்பாளையம் அணி பஸ்ஸில் வந்தது. அதன் கேப்டன் மல்லிகா மாவு மில் நடத்துகிறவர். முழங்கையைப் பார்த்தாலே தெரிந்தது. எல்லாரும் நாற்பதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். ஒருவர் நர்ஸ், ஒருவர் காய்கறிக் கடை, ஒருவர் பஞ்சாயத்து மெம்பர். இரண்டு அணியும் ஒன்றை ஒன்று பார்க்காமல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டன.

"இது போட்டி இல்லடி," என்றார் டீச்சர். "விசிலுக்கு ஒரு இழு. அடுத்த விசில் வரைக்கும் அப்படியே புடிச்சு நில்லு. எவளாவது முந்துனா கிரவுண்ட சுத்தி ஓட விடுவேன்."

"கிரவுண்டு எங்க டீச்சர் இருக்கு?" என்றார் பஞ்சாயத்து மெம்பர்.

"அரியலூர சுத்தி."

வாசல் கயிறு தெருவுக்குக் குறுக்கே போனது. அதைக் குன்னம் அணி பிடித்தது. சிமெண்ட் மூட்டைகளை நகர்த்தித் திறந்த கொல்லைக் கதவு வழியாகப் போன கயிறு உடையார்பாளையத்துக்கு. ஓர் அணி இன்னோர் அணியைப் பார்க்க முடியாது. இருவரையும் பார்க்கக்கூடிய இடத்தில், கூடத்துச் சுவரோரம் டீச்சர் விசிலோடு நின்றார். முருகேசன் தூண்களோடு தயாராக நின்றார். தெருவில் சிவப்புத் துண்டைப் பிடித்து வண்டிகளை நிறுத்துவது என் வேலை.

நான் முதலில் நிறுத்திய வண்டி டீச்சருடைய அண்ணனின் கார். உள்ளே இன்ஜினீயரும் வீட்டை வாங்க வந்த பார்ட்டியும் இருந்தார்கள்.

"பாப்பா, என்ன இதெல்லாம்?"

"கரெக்டா வந்த அண்ணே. வாசப்பக்கம் வெயிட்டு பத்தல. கடைசி ஆளா நின்னு கயிறை இடுப்புல சுத்திக்க." பிறகு இன்ஜினீயரைப் பார்த்தார். "சார், இந்தாங்க ரசமட்டம். அந்தச் சாரத்துல ஏறி கர்டரு மட்டம் பாத்துச் சொல்லுங்க." பிறகு பார்ட்டியைப் பார்த்தார். பார்ட்டி தானாகவே போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

விசில் ஊதியது. எல்லாரும் இழுத்தார்கள். தரையில் கிடந்த கர்டர் முனகிக்கொண்டு எழுந்தது. இன்னொரு விசில், இன்னும் கொஞ்சம். முழங்கால் உயரம் வந்ததும் குன்னத்தின் பழைய கோபம் வேலை செய்தது. ஒரு இழு கூடுதலாக இழுத்தார்கள். கர்டர் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது.

"வாசப்பக்கம் ஏறிடுச்சு," என்று இன்ஜினீயர் கத்தினார்.

கொல்லையில் மல்லிகாவுக்கு அது கேட்டது. "எங்களுக்கு இழுக்கத் தெரியாதா" என்று அவர் கூட்டம் இழுத்தது. கர்டர் மறுபக்கம் சாய்ந்தது. அப்போது வந்த விசில் சத்தம் நான் அதுவரை கேட்காதது. நீளமாக, மூச்சு முடியும் வரை ஊதினார். இரண்டு பக்கமும் சிலையாக நின்றது. தெருவில் நின்ற ஆட்டோக்காரர்கூட அட்டென்ஷனுக்கு வந்துவிட்டார்.

"இந்த வூட்டுக்குள்ள ரெண்டு டீமு கிடையாது," என்றார் டீச்சர். சத்தமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எல்லாருக்கும் கேட்டது.

அதன் பிறகு கர்டர் அசைந்தது தெரியாமல் ஏறியது. விசில், இழுப்பு, விசில், இழுப்பு. இன்ஜினீயர் சாரத்தில் தொங்கிக்கொண்டு, "மட்டம், மட்டம், மட்டம்" என்று பஜனை மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார்.

உத்தரத்தைத் தொட ஒரு ஜாண் இருக்கும்போது தெருமுனையில் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. செல்வி அதை விசில் என்று நினைத்து இழுத்தார். காலடியில் சிமெண்ட் தூசி. ஷூ வழுக்கியது. முன்னால் நின்றவர் சரிய, அவர் மேல் இன்னொருவர் சரிய, கயிறு கூடத்துக்குள் ஓடத் தொடங்கியது. உள்ளே டீச்சர் நிற்பது எனக்குத் தெரிந்தது. அவர் நகரவில்லை. நான் துண்டைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அதற்குள் கயிறு நின்றுவிட்டது. அண்ணன் தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கயிறு அவர் இடுப்பைச் சுற்றி இறுகியிருந்தது. முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது. உள்ளங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. "பாப்பா, நான் புடிச்சிருக்கேன். நீ ஊது," என்றார்.

டீச்சர் ஊதினார். செல்வி எழுந்து கயிற்றைப் பிடித்தார். ஒரு இழு. டங் என்று ஒரு சத்தம். இரும்பு தேக்கைத் தொட்டது. முருகேசன் ஒரு முனையில் தூணை நிறுத்தினார். மறுமுனையில் டீச்சரே நிறுத்தி, போல்ட்டை முறுக்கினார். இன்ஜினீயர் ரசமட்டத்தைக் கடைசியாக ஒரு முறை வைத்துப் பார்த்தார். "எவன் வந்தாலும் இனி இதை அசைக்க முடியாதுங்க," என்றார், காலி பண்ணச் சொன்னது தான் இல்லை என்பது போல.

அன்று மத்தியானம் கர்டருக்கு நேர் கீழே, கூடத்தில் இலை போட்டுச் சாப்பிட்டோம். குன்னத்து வெங்காயத்தில் சாம்பார். செல்வியும் மல்லிகாவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பழைய போட்டியில் விசில் யாருக்குச் சாதகமாக ஊதப்பட்டது என்று முதல்முறையாக நேருக்கு நேர் சண்டை போட்டுக்கொண்டார்கள். பார்ட்டி இரண்டாவது முறை சாம்பார் வாங்கிக்கொண்டு, "எங்க வூட்லயும் மாடிச் செவுத்துல ஒரு விரிசல் இருக்கு டீச்சர். ஒரு நாள் வந்து பாக்கணும்," என்றார். வீடு வாங்குவதைப் பற்றி அவர் பேசவே இல்லை. அண்ணன் கையில் கட்டோடு, வசந்தி பிசைந்து கொடுத்த சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டார்.

"அடுத்து என்ன வேலை பாப்பா?" என்றார்.

"மாடித் தளத்துக்குப் பூச்சு. வர்ற வாரம். நீ வரியா?"

"வராம?"

வந்தார். மழைக்கு முன்னால் தளம் முழுவதும் பூசி முடித்தார்கள். அண்ணனும் தங்கையும் மாடியில் திட்டிக்கொள்வது கீழே எங்களுக்குக் கேட்கும். அண்ணி ஒரு வெள்ளிக்கிழமை சிறுவாச்சூருக்குப் போய், வேண்டுதலை மாற்றிக்கொண்டு வந்தார்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. தெருவில் கொஞ்ச நாளுக்கு முன்னால் கட்டிய புது வீட்டில்கூட ஒழுகியது; அவர்கள் பாத்திரம் கடன் கேட்டு வந்தார்கள். டீச்சர் கூடத்தின் நடுவே நாற்காலி போட்டு, கர்டருக்கு அடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பாத்திரத்தைக் கொடுத்து, "இங்க தேவைப்படல, எடுத்துட்டுப் போங்க," என்றார். அவ்வளவு பணிவாக அவர் பேசி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வில் கிருஷ்ணகிரிக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்றிய அன்று டீச்சர் எங்கள் போர்ஷன் குளியலறையில் எதையோ உடைத்துக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டு போகலாம் என்று நின்றோம். அவர் திரும்பவில்லை. "போயிட்டு வாங்க. கைல சிமெண்டா இருக்கு," என்றார். வசந்தி வண்டியில் ஏறியதும் அழுதாள். எனக்குக் கண்ணில் தூசி என்று சொல்லிக்கொண்டேன். அரியலூரில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அந்தப் போர்ஷனுக்கு அதன் பிறகு யாரும் குடிவரவில்லை. கேட்டு வருகிறவர்களிடம் டீச்சர், "வேலை இன்னும் முடியல" என்று சொல்லி அனுப்பிவிடுகிறாராம். முருகேசனும் அண்ணனும் போனில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்; அங்கே செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை, எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது என்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாங்கள் போய் அங்கேதான் தங்குகிறோம். அந்த வேலை முடியவே கூடாது என்று வசந்தி வேண்டிக்கொள்கிறாள். நானும்தான்.